பாரம் எங்கே நிற்கிறது? இருத்தலுக்கும் நிற்றலுக்குமான ஆங்கிலச் சொற்கள்

படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதச் சொன்னால், எங்கட பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிட்டிங், ஸ்டாண்டிங் என்ற இரண்டும்தான் திரும்பத் திரும்ப வரும். கச்சான் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குகிற அம்மாவும் சிட்டிங், சாய்மனைக் கதிரையில் கிடக்கிற அப்புவும் சிட்டிங். வயலில் அருவி வெட்டக் குனிந்தவர் ஸ்டாண்டிங். இலக்கணம் சரியாகவே இருக்கும். வாசிக்கிறவரின் மனதில்தான் வேறு படம் விழும்.

சொல்லைத் தேடமுதல் ஒன்றைப் பாருங்கள்: உடம்பின் பாரம் எதில் இறங்குகிறது? அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிட்டத்தில் இறங்கினால் சிட். வாங்கிலும் ஸ்டூலிலும் ஒன் போட வேண்டும். கைபிடி வைத்த ஆழமான கதிரைக்கு இன் வரும். மேசையடியில் சாப்பிடவோ படிக்கவோ இருந்தால் அட். சிட் டவுன் என்பது போய் இருக்கிற செயல். சிட் அப் என்பது படுத்திருப்பவர் எழும்பி இருப்பதையும், கூனாமல் நிமிர்ந்து இருப்பதையும் குறிக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் தாதி சிட் அப் என்றால் கட்டிலை விட்டு இறங்கத் தேவையில்லை.

அடிக்கடி பிழைக்கிற இடம் ஒன்று: நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பது க்ரொஸ் லெக்ட். கதிரையில் கால்மேல் கால் போட்டிருப்பதை வித் லெக்ஸ் க்ரொஸ்ட் என்று எழுதுவதே தெளிவு. கோயில் மடத்தில் அன்னதானப் பந்தியில் இருப்பவர்களுக்கு இரண்டாவதை எழுதினால், அவர்களைக் கதிரையில் ஏற்றிவிட்டீர்கள். மோட்டார் சைக்கிளிலோ திருவலைக் கட்டையிலோ இரண்டு பக்கமும் கால் போட்டிருந்தால் அஸ்ட்ரைட். அதே கருத்துக்கு ஸ்ட்ராடில் என்ற வினையும் உண்டு.

பாரம் பாதத்தில் இறங்கி, முழங்கால் முழுக்க மடிந்து, பிட்டம் குதிக்காலுக்குக் கிட்ட வந்தால் ஸ்குவொட். புல்லுப் பிடுங்குகிற அம்மா இதில்தான் வருவா. க்ரவுச் என்பதிலும் கால் மடியும், ஆனால் உடம்பு முன்னுக்குச் சாய்ந்து ஒடுங்கும். ஒளிக்கவோ பாயவோ ஆயத்தம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கும். எலியைப் பார்த்த பூனை, வேலிக்குப் பின்னால் பதுங்குகிற பிள்ளை, ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிற விக்கெட் காப்பாளர் எல்லாம் க்ரவுச். களை பிடுங்குவதற்கு இதை எழுதினால் அந்த அம்மா ஆருக்கோ பயந்து ஒளித்திருக்கிறா என்றாகிவிடும்.

ஸ்குவொட் பற்றி இன்னொரு எச்சரிக்கை. காணிக் கடிதங்களில் ஸ்குவொட்டர் என்றால் உரிமையில்லாமல் காணி பிடித்திருப்பவர். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் எடுத்து இருக்கிறவரை மொழிபெயர்ப்பில் தெரியாத்தனமாக அப்படி எழுதினால் விளைவு சின்னதல்ல. குடியிருப்பவர் என்ற பொருளுக்கு ஒக்கியுபன்ட், பேர்மிட்காரருக்குப் பேர்மிட் ஹோல்டர்.

முழங்காலில் பாரம் இறங்கினால் நீல். எழுத்தில் முன்னால் கே இருக்கும், வாயில் வராது. மடுக் கோயிலில் முழந்தாளிட்டு மன்றாடுகிறவர்கள் நீலிங். பீடத்தை நோக்கி ஒரு முழங்காலை மட்டும் மடித்து எழும்புவதற்கு ஜெனுஃப்லெக்ட் என்று தனிச் சொல். கையும் முழங்காலும் நிலத்தில் இருந்தால் ஒன் ஓல் ஃபோர்ஸ்.

பாரத்தில் ஒரு பங்கை வேறொன்று தாங்கினால் லீன். மதிலில் முதுகு சாய்த்தால் லீன் அகெய்ன்ஸ்ட், பொல்லை ஊன்றினால் லீன் ஒன், கிணற்றுக்கட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் லீன் ஓவர். சைக்கிளை மதிலில் சாத்துவதற்கும் இதே லீன்தான்.

பாரத்தைப் பார்த்து முடிந்தால் அடுத்து முதுகின் வளைவைப் பாருங்கள். பென்ட் பொதுச்சொல், அருவி வெட்டுகிறவருக்கு அது போதும். ஸ்டூப் என்றால் தலையும் தோளும் முன்னுக்கு வளையும். பதிந்த கொட்டில் வாசலால் நுழைகிறவர் ஸ்டூப் பண்ணுவார், வயதில் கூன் விழுந்தவருக்கும் அதுவே. தோளைத் தூக்கி முதுகை வளைத்து ஃபோனுக்குள் தலையை விட்டிருந்தால் ஹன்ச். ஸ்லவுச் என்பதில் குறை சொல்கிற தொனி உண்டு. சோம்பலாக, மரியாதையில்லாமல் இருக்கிறார் என்று கேட்கும். பெரியவர் ஒருவரின் படத்துக்குக் கீழே அதை எழுதாதீர்கள். கையையும் காலையும் பரப்பிக் கிடந்தால் ஸ்ப்ரோல், மதில் விளிம்பில் தொற்றி இருந்தால் பேர்ச்.

நிற்பவருக்குக் கையைப் பாருங்கள். இடுப்பில் கை, முழங்கை வெளியே: ஆம்ஸ் அகிம்போ. மார்பில் கைகட்டினால் ஆம்ஸ் ஃபோல்டட். எங்களுக்கு அது பணிவாகவும் இருக்கலாம், ஆங்கிலக் கதைகளில் பெரும்பாலும் கோபம் அல்லது பிடிவாதம். ஆகவே ஆசிரியர் முன்னால் கைகட்டி நிற்கும் மாணவனை எழுதும்போது ரெஸ்பெக்ட்ஃபுலி என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். வற்றாப்பளையில் அம்மனைக் கும்பிடுகிறவருக்கு வித் பாம்ஸ் டுகெதர். கடேற் அணிவகுப்பில் குதிக்கால் சேர்த்தால் அட்டென்ஷன், கால் அகட்டிக் கையைப் பின்னால் கட்டினால் அட் ஈஸ்.

இறந்தகால வடிவங்களில் சிட் சாட் ஆகும், ஸ்டாண்ட் ஸ்டுட் ஆகும், நீல் நெல்ட் ஆகும். ஸ்குவொட்டுக்கு ஈடி போடும்போது சொல்லின் கடைசி எழுத்து இரட்டிக்கும், சிட்டிங்கிலும் அப்படியே. வில்லங்கம் பிடித்தது படுத்தலுக்கான லை. அதன் இறந்தகாலம் லே. எதையாவது கிடத்துவதற்கான நிகழ்காலமும் லே, அதன் இறந்தகாலம் லெய்ட். நேற்றுப் பாயில் படுத்தார் என்பதற்கு லே, பாயில் பிள்ளையைக் கிடத்தினார் என்பதற்கு லெய்ட். எழுதிய பிறகு ஆரை, எதை என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் லெய்ட்.