அளந்த ஆழமும் நிரப்பிய ஆழமும்

மலேசியாவின் பந்திங்கில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டியிருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் பெரும்பாலும் மலாக்கா நீரிணையின் கடலடித் தரவுகளையே திருத்துகிறோம். ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும்போது, ஆய்வுக் கப்பல்கள் பொதுவில் வெளியிட்ட துருவக் கடல் அளவீடுகளையே நான் முதலில் எடுத்துத் தருவேன். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை அவ்வளவு கண்டிப்பாகக் கற்பிக்கும் கடல் வேறில்லை என்பது என் எண்ணம்.

கப்பலின் அடியிலிருந்து பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் விரித்து அனுப்பும் பல்கற்றை ஒலிமானி, அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பதால், நீரில் ஒலி செல்லும் வேகம் சரியாகத் தெரிந்தாக வேண்டும். நம் நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் அது வினாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர். உறைநிலையை ஒட்டிய துருவ மேல்நீரில் ஏறக்குறைய 1,440 மீட்டர். அதிலும் ஆர்க்டிக்கில் உப்புக் குறைந்த குளிர்நீர் மேலேயும், அட்லாண்டிக்கிலிருந்து வந்த வெப்பமான உப்புநீர் அதன் கீழேயும் அடுக்காக நிற்பதால், அந்தந்த இடத்திலேயே கருவியை இறக்கி வேகத்தை அளக்காவிட்டால், தட்டையான தரைகூட இரு ஓரங்களிலும் மேலே வளைந்தோ கீழே தொங்கியோ திரையில் தோன்றும். பனி உடையும் இரைச்சலும் கப்பலின் அடியில் புகும் காற்றுக் குமிழ்களும் பொய்ப் புள்ளிகளைத் தூவிவிடும். அவற்றை நீக்கும்போது உண்மையான ஒரு சிகரத்தையும் சேர்த்து அழித்துவிடாமல் இருப்பதே எங்கள் வேலையின் கடினமான பகுதி.

அடர்ந்த பனியில் நேர்கோட்டில் செல்ல இயலாதபோது, ஸ்வீடனின் ஓடன் என்ற பனியுடைப்புக் கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்று சுற்றிலுமுள்ள தரையை அளந்திருக்கிறது. இத்தனை பாடுபட்டும், 2024-இல் வெளியான ஆர்க்டிக் ஆழ வரைபடத்தின் ஐந்தாம் பதிப்பில் ஏறக்குறைய கால் பங்குப் பரப்புக்கே நேரடி அளவீடு உண்டு. எஞ்சியவை அக்கம்பக்க அளவுகளிலிருந்து கணக்கிட்டு நிரப்பப்பட்டவை. வண்ணம் பூசிய வரைபடத்தில் இரண்டும் ஒரே தெளிவோடுதான் தெரியும். நிறுக்காத ரப்பர் பாலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் ஏற்ற மாட்டார். அந்தக் கண்டிப்பு இங்கும் வேண்டும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2019-இல் ஓடன் வடக்கு கிரீன்லாந்தின் ரைடர் பனியாறு இறங்கும் கடற்கழியை முதன்முறையாக முறையாக அளந்தபோது, அதன் குறுக்கே ஒரு தரைமேடு இருப்பதும், வெப்பமான அட்லாண்டிக் நீர் பனியாற்றை எளிதில் அடையாதபடி அது தடுப்பதும் தெரியவந்தது. பக்கத்திலுள்ள பீட்டர்மன் பனியாற்றுக் கடற்கழியின் வாயிலிலுள்ள தரைமேடு இன்னும் ஆழத்தில் இருப்பதால் அந்நீர் அங்கே உள்ளே நுழைகிறது. அண்டார்க்டிக்காவின் துவைட்ஸ் பனியாற்றின் முன்னேயோ, முன்பு கருதியதைவிட ஆழமான கால்வாய்களை அதே ஆண்டில் அளந்து கண்டனர். சில நூறு மீட்டர் உயர வேறுபாடு ஒரு பனியாற்றின் கதியை மாற்றும் இடத்தில், நிரப்பிய எண்ணை அளந்த எண்ணாகக் கொள்வது பெரும் பிழை.

உலக ஆழ வரைபடத் தொகுப்புகளோடு, வரைபடத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்தின் ஆழ அளவும் எவ்வாறு கிடைத்தது என்று கூறும் துணைக் கோப்பும் வெளியிடப்படுகிறது. எங்கள் பிள்ளைகள் ஆழத்துக்கு வண்ணம் தீட்டும் முன் அதைத்தான் திறக்க வேண்டும் என்று விதித்திருக்கிறேன். கப்பல் நுழைய முடியாத மிதக்கும் பனித்தட்டுகளுக்கு அடியிலுள்ள கடல்தரை அதில் பெரும்பாலும் மறைமுக மதிப்பீடாகவே வரும். தானியங்கி நீர்மூழ்கிகளை அங்கே அனுப்புவதற்குத்தான் இனி முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.