பிந்தான் ரிசார்ட்டில் முதல் சில மணி நேரம்

சிங்கப்பூரின் தானா மேரா முனையத்தில் படகு ஏறினால், இந்தோனேசியத் தீவான பிந்தானின் பந்தர் பெந்தான் தெலானி படகுத்துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிந்தான் நேரம் சிங்கப்பூரை விட 1 மணி நேரம் பின்தங்கியது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிற்பகல் 3 மணிக்கு அறை என்றால் நம் கடிகாரத்தில் 4 மணி. திரும்பும் படகுச்சீட்டில் இருப்பதும் அங்குள்ள நேரமே.

அதனால் காலைப் படகில் போகும் குடும்பம் அறைக்காகக் காத்திருக்க நேரும். பெரிய பெட்டிகள் தனி வண்டியில் பின்னால் வரலாம். நீச்சல் உடை, ஒரு செட் மாற்றுத் துணி, தாத்தா பாட்டியின் மாத்திரைகள், பால் புட்டி எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இறங்கிவிடலாம், அழுகை இருக்காது.

கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளுடையது 5 ஆண்டுதான் செல்லும் என்பதால் அதை முதலில் பாருங்கள். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியையும் சரிபார்க்க வேண்டும்.

ரிசார்ட்டில் கட்டும், பிறகு திரும்பக் கிடைக்கும் முன்பணத்துக்குக் கடன் அட்டை நல்லது. டெபிட் அட்டையில் பணமே கழிந்து, திரும்பி வரப் பல நாளாகும்.

முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குத் தரைத்தளம் வேண்டுமென்றால் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். முகப்பில் நின்று கேட்டால் கிடைப்பது அபூர்வம். சைவம் சாப்பிடுவோர் சம்பாலைத் தொடுமுன் பெலச்சான் (இறால் விழுது) இருக்கிறதா என்று விசாரியுங்கள். கீரைப் பிரட்டலிலும் அது சேரும்.