கழுத்து வழியே போய், கழுத்து வழியே வந்தது

தொடை எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள், இடது கால் தூண் போல வீங்கியது. டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரையில் ரத்தக்கட்டி. அது பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் ஆபத்து என்று, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் மலம் தார் போலக் கறுத்தது. வயிற்றுப் புண்ணில் கசிவு. ஊசியைத் தொடர்ந்தால் வயிறு, நிறுத்தினால் நுரையீரல். அப்போதுதான் ‘ஃபில்டர்’ பற்றிச் சொன்னார்கள்.

அது ஒரு கம்பி வடிகட்டி. கழுத்துச் சிரை வழியே கொண்டுபோய், கால்களிலிருந்து ரத்தம் மேலேறும் பெருஞ்சிரையில், சிறுநீரகச் சிரைகள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வைப்பார்களாம். ரத்தம் போகும், கட்டி சிக்கிக்கொள்ளும். காலில் இருக்கும் கட்டியை அது கரைக்காது. இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்தின் வலப்புறம் மரத்துப்போக ஓர் ஊசி, முகத்தின் மேல் பச்சைத் துணி. சாயம் ஏற்றியதும் அடிவயிற்றில் வெந்நீர் பரவியது போலிருந்தது. சிறுநீர் போய்விட்டதோ என்று கூசினேன். “எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் சார்” என்றார் செவிலியர். தையல்கூட இல்லை.

எடுத்ததுதான் பெரும்பாடு. டிஸ்சார்ஜ் தாள்களின் மூன்றாம் பக்கத்தில் ஃபில்டர் பற்றி ஒரே வரி. எப்போது எடுப்பது என்று இல்லை. எலும்பு மருத்துவர் எலும்பைப் பார்த்தார், வயிற்று மருத்துவர் புண்ணைப் பார்த்தார். ஃபில்டர் யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெரியவில்லை. நாள்பட்டால் அதன் கம்பிகள் சிரைச் சுவரைத் துளைக்கலாம், உடையலாம். ஆபத்து நீங்கியிருந்தால், வைத்த நாளிலிருந்து 29 முதல் 54 நாட்களுக்குள் எடுப்பதே நல்லது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் சொல்லியிருக்கிறது. என் மனைவி தினசரிக் காலண்டரில் நாட்களை எண்ணி, 54ஆம் நாள் தாளின் ஓரத்தை மடித்து வைத்தாள்.

புண் ஆறி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கிய பிறகு, நானே போய்க் கேட்டு 47ஆம் நாளுக்குத் தேதி வாங்கினேன். அதே கழுத்து, அதே பச்சைத் துணி. ஃபில்டரின் உச்சியில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. கம்பிச் சுருக்கை உள்ளே விட்டு அதில் மாட்டி, குழாய்க்குள் மடக்கி இழுத்துவிடுகிறார்கள். துணி கிழிந்த பொம்மைக் குடை போல எஃகுக் கிண்ணத்தில் கிடந்தது. கம்பிகளுக்கிடையே அரிசியளவு கருஞ்சிவப்புத் துணுக்கு.

“இது அதுவா டாக்டர்?” என்றேன்.

“இருக்கலாம்” என்றார். மாத்திரையை இன்னும் மூன்று மாதம் போட வேண்டும்.