பாலத்துக்கு அப்புறம்

மாட்ரிட் வந்த முதல் டிசம்பரிலேயே வீட்டு பாய்லர் நின்றுபோனது. 2022, டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "தெஸ்புவெஸ் தெல் புவென்தே" என்றார். தெஸ்புவெஸ் என்றால் அப்புறம், புவென்தே என்றால் பாலம். பாடப்புத்தகத்தில் படித்ததுதான்.

நான் இருப்பது புவென்தே தே வயேகாஸ் பக்கம். பேட்டையின் பெயரே வயேகாஸ் பாலம். அந்தக் காலத்தில் அப்ரோன்யிகால் ஓடையைக் கடந்த பாலம். இப்போது ஓடை இருந்த இடத்தில் எம்-30 நெடுஞ்சாலை. ஊர் நடுவிலிருந்து வந்தால் என் வீடு பாலத்துக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். மனிதர் முகவரியைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்து, "இல்லை, பாலத்துக்கு முன்னால்" என்றேன். "முன்னாலா? முடியவே முடியாது" என்றார். நான் விடவில்லை. "இரண்டு நிமிட நடைதான், பாலத்துக்கு முன்னால்!" போனை வைத்துவிட்டார்.

மாடி வீட்டுப் பாட்டி சமையலறைக் காலண்டரைக் காட்டித்தான் புரிய வைத்தார். 6ஆம் தேதி செவ்வாய், 1978இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பை ஏற்ற நாள், விடுமுறை. 8ஆம் தேதி வியாழன், கத்தோலிக்கரின் அமல உற்பவ மாதா திருநாள், விடுமுறை. நடுவில் மாட்டிக்கொண்ட திங்களுக்கும் புதனுக்கும் வெள்ளிக்கும் லீவு போட்டு முன்னும் பின்னும் இருக்கும் விடுமுறைகளோடு கோத்துவிட்டால் அதுதான் புவென்தே. இவ்வளவு நீளமாகப் போனால் கேலியாக 'அக்குவெதுக்தோ' என்பார்களாம், பல வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம். நாம் 'தொடர் விடுமுறை' என்பதில் இந்தக் கோக்கும் வேலை தெரிவதில்லை. லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நிற்கும் பாடு அதில் எங்கே இருக்கிறது?

பாட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாயைத் திறந்து கடைவாயைத் தொட்டார்: புவென்தே. விழுந்த பல்லுக்குப் பதில் இரு பக்கத்துப் பற்களில் தாங்கிக் கட்டியது. மூக்குக் கண்ணாடியின் நடுத்துண்டு, கிதாரில் தந்திகள் கட்டும் கட்டை, எல்லாம் அதே சொல்தான். மாட்ரிடுக்கும் பார்சிலோனாவுக்கும் நடுவே பஸ் மாதிரி அடிக்கடி பறக்கும் விமானம் 'வான் பாலம்'. சாவியில்லாமல் ஒயரை ஒயரோடு சேர்த்து வண்டியைக் கிளப்புவதும் புவென்தே போடுவதே. (இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.) பழைய ஸ்பானியத்தில் பாலம் பெண்பாலாகவும் இருந்ததாம், 'லா புவென்தே'. இப்போது ஆண்பால் 'எல்' தான்.

பத்து நாள் சட்டியில் வெந்நீர் வைத்துத்தான் குளித்தேன்.

12ஆம் தேதி திங்கள் காலை மெக்கானிக் வந்தார். என்னைப் பார்த்ததும், "பாலத்துக்கு முன்னால் ஆள் நீதானே?" என்றார். குழாயில் வெந்நீர் வந்துவிட்டது. ரேடியேட்டருக்கு மட்டும் ஒரு பாகம் மாற்ற வேண்டும், அது 'ராஜாக்களுக்கு அப்புறம்' வரும் என்றார்.

எந்த ராஜா என்று கேட்கவில்லை. நேரே காலண்டரிடம் போனேன். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்.