கழிவுநீர்க் குளத்துக்கு ஒரு கிரயப் பத்திரம்

ஐடஹோ மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் நகராட்சி மிகச் சிறியது. பொறியாளர் என்று இருப்பது நான் ஒருவன்தான். மூன்று பக்கம் தேசியக் காடு, நான்காவது பக்கம் ஆறு. ஊரின் கழிவுநீர்க் குளங்கள் அந்தக் காட்டு நிலத்தில்தான் இருந்தன. நிலம் மத்திய அரசுடையது, குளம் எங்களுடையது, நடுவில் ஒரு சிறப்பு அனுமதி. வேலியை நகர்த்துவதென்றாலும் ரேஞ்சர் அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். புது இயந்திரங்கள் போடும் பேச்சு வந்தபோது, அடுத்தவர் இடத்தில் இவ்வளவு பணத்தைக் கொட்டுவதா என்று கவுன்சிலில் கேட்டார்கள். சரி, நிலத்தையே வாங்கிவிடுவோம் என்று முடிவாகிக் கோப்பு என் மேஜைக்கு வந்தது.

எந்தச் சட்டத்தில் கேட்பது? ஊரில் எல்லோரும் சொன்னது 1958-ஆம் ஆண்டின் நகர்மனைச் சட்டம். அலாஸ்காவிலும் மேற்கு மாநிலங்கள் 11-இலும் ஊரை ஒட்டிய தேசியக் காட்டு நிலத்தை, ஒரு விண்ணப்பத்துக்கு 640 ஏக்கர் வரை, உள்ளாட்சிக்கு விற்க அது வழி செய்கிறது. ஆனால் அந்த நிலம் அரசிடம் இருப்பதால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் பயனைவிட ஊரின் தேவை பெரியது என்று காட்டியாக வேண்டும். எங்களுக்கு வேண்டியதோ சில ஏக்கர். 1983-ஆம் ஆண்டின் சிறு நிலத் துண்டுகள் சட்டம்தான் எங்களுக்குப் பொருந்தியது. 2018 பண்ணைச் சட்டத்தில் அதைத் திருத்தி, அனுமதி பெற்று நடக்கும் கல்லறைத் தோட்டம், குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். நில மதிப்பின் உச்சவரம்பு 1,50,000 டாலரிலிருந்து 5,00,000 டாலராக ஏறியதும் அதில்தான். இருந்தாலும் எந்தச் சட்டமும் வனத்துறையைக் கட்டாயப்படுத்தாது. அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. அங்கே நிலப் பிரிவில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் மாற்றலாகிப் போனார், வந்தவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அந்த எரிச்சலை இங்கே நீட்ட வேண்டாம்.

நம் குளத்துக்கு நாமே விலை கொடுப்பதா என்று ஊரில் முணுமுணுப்பு. சந்தை விலைக்குக் குறைந்து தர மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் குளமும் குழாயும் நகராட்சி செலவில் வந்தவை என்பதால் மதிப்பீட்டாளர் அவற்றை விட்டுவிட்டு வெறும் நிலத்துக்குத்தான் விலை போட்டார். சர்வே, மதிப்பீடு, ஆய்வுச் செலவெல்லாம் எங்கள் தலையில் விழுந்ததுதான் கவுன்சிலுக்குக் கசந்தது.

சர்வேயர் வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலையில் ருசி தட்டியது. பழைய அளவைக் குறிப்பில் ஒரு மூலைக்கல் சொல்லப்பட்டிருந்தது. புதர் விலக்கி, பைன் ஊசிச் சருகைக் கிளறி அவர் அதைக் கண்டுபிடித்தார். பார்த்தால் சாதாரணக் கல். அதன் தெற்கு விளிம்பிலும் கிழக்கு விளிம்பிலும் உளியால் வெட்டிய காடிகள். இங்கே நிலத்தை ஆறு மைல் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து அளந்திருக்கிறார்கள், அந்தக் கட்டத்துக்குப் பெயர் டவுன்ஷிப். கல்லிலிருந்து டவுன்ஷிப் எல்லை எத்தனை மைல் என்பதை அந்தக் காடிகளை எண்ணியே சொல்லிவிடலாம். ஒரு டவுன்ஷிப்புக்கு ஒரு மைல் சதுரங்கள் 36, சதுரத்துக்கு 640 ஏக்கர். சட்டத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்றபோது புரிந்தது.

அடுத்தவர் தொல்லியல் ஆய்வாளர். 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மத்திய அரசு நிலத்தைக் கைமாற்றும் முன் அதில் பழம்பொருள் உண்டா என்று பார்க்க வேண்டும். 50 வருடம் தாண்டிய எதையும் அவர் விடவில்லை. ஈயம் வைத்து மூடிய துருப்பிடித்த தகர டப்பாக்களையும் குனிந்து அளந்து எழுதிக்கொண்டார். எங்கள் மேயருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும்தான்.

பழங்குடி அரசுடனான ஆலோசனையில் சிரிக்க ஒன்றுமில்லை. இது நெஸ் பெர்ஸ் மக்களின் பூர்வீக நிலம். 1855 ஒப்பந்தத்தில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, யாரும் உரிமை கொண்டாடாத திறந்த நிலத்தில் வேட்டையாடவும் கிழங்கும் பழமும் சேகரிக்கவும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். காடு மத்திய அரசிடம் இருக்கும்வரை அந்த உரிமை நடைமுறையில் இருக்கும். நகராட்சி பெயருக்கு மாறினால்? வந்திருந்த அம்மையார் குளங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிர்கால விரிவாக்கத்துக்கென்று நாங்கள் சேர்த்திருந்த கீழ்ப்பக்கப் புல்வெளியை மட்டும் காட்டினார். அது அவர்கள் உணவுக்குத் தோண்டும் காமஸ் கிழங்கு விளையும் ஈர நிலம். அந்தத் துண்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று கவுன்சிலுக்கு எழுதினேன். இரண்டு உறுப்பினர்கள் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த முழு விவகாரத்தில் சரியாக நடந்த காரியம் அதுதான். அப்புறம் ஈர நிலம் பற்றிய கேள்விகளும் பாதிக்குமேல் ஓய்ந்தன, வேலை வேகமெடுத்தது.

மண்ணில் நச்சு உண்டா என்ற ஆய்வு சிக்கலில்லாமல் முடிந்தது. பணம் கட்டினோம். உரிமைத் துறப்புப் பத்திரம் வந்தது, கவுண்டி அலுவலகத்தில் பதிந்தோம். வடக்கு ஓரப் பாதையில் போய்வரும் உரிமையை வனத்துறை தனக்கே வைத்துக்கொண்டது. நியாயம்தான், தீயணைப்பு வண்டி அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஊர்க் கல்லறைத் தோட்டமும் காட்டு நிலம்தான், அதே சட்டத்தில்தான் வரும். அதையும் வாங்கலாமே என்று கவுன்சிலில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் சர்வேயருக்குப் பணம் ஒதுக்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.