மூன்று துறைக்கு ஒரு பட்டம்: பாடத்திட்டம் போட்ட அனுபவம்

ஜியோடெசி (பூமியின் வடிவத்தையும் அதன் மேலுள்ள இடங்களையும் துல்லியமாக அளக்கும் துறை), வரைபடவியல், கணினி அறிவியல் மூன்றையும் சேர்த்து ஓர் இளநிலைப் பட்டம் வடிவமைக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். முதல் கூட்டத்துக்கே மூன்று துறைக்காரர்களும் ஆளுக்கொரு பாடப்பட்டியலோடு வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு பட்டத்துக்குக் காணும். கிரெடிட்டை மூன்று சம பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். சண்டை தீரும், ஆனால் படித்து முடித்தவர் மூன்றிலும் அரைகுறையாக நிற்பார்.

பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டு, படித்து முடித்தவர் தானாக அவிழ்க்க வேண்டிய சிக்கல்களை முதலில் எழுதுவோம் என்றேன். ஜியோடெசிக்காரர் எழுதிய முதல் சிக்கல்: இலங்கையின் தென்கரையில் அலை காலைத் தொடும் இடத்தில் நிற்கிறீர்கள். கையிலுள்ள ஜிபிஎஸ் கருவி உயரத்தை மைனஸ் நூறு மீட்டருக்குப் பக்கத்தில் காட்டுகிறது. கருவி பழுதா? இல்லை. அது டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்திலிருந்து, அதாவது பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் சற்றே தட்டையான உருண்டையிலிருந்து, உயரத்தைச் சொல்கிறது. கடல்மட்டம் ஒட்டிச் செல்லும் ஜியாய்டு, இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதியில் நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் வரை கீழே இறங்கிக் கிடக்கிறது. உலகிலேயே ஆழமான ஜியாய்டுப் பள்ளம் அதுதான்.

கணினிக்காரர் பதிலுக்கு எழுதியது எனக்கு இன்னும் பிடித்தது. அதே நீள்கோளத்தின் நிலநடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அளக்கும் இந்த அளவுள்ள ஆயத்தொலைவை 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக (கணினி தசம எண்களை வைக்கும் ஒரு வகை) சேமித்தால், அடுத்தடுத்த இரு எண்களுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி விழும். சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்து வந்ததெல்லாம் நிரலில் ஒரு மாறியின் வகையைத் தவறாக அறிவித்ததால் போய்விடும். இதை எந்தத் துறை நடத்துவது? இரண்டு பேருமே அதுவரை நடத்தவில்லை.

அங்கிருந்துதான் பட்டத்தின் முதுகெலும்பு பிடிபட்டது: பிழை. அளவீட்டில் பிழை, கணக்கீட்டில் பிழை, உருண்டையைத் தாளில் விரிப்பதால் வரும் பிழை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டர் விரிப்பில் 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகும். வரைபடவியலாளர் இதை அறிந்தே ஏற்கிறார். எங்கே ஏற்கக்கூடாது என்பதுதான் அவர் பாடம்.

பெரிய இழுபறி சரிக்கட்டல் கணக்கீட்டுப் பாடத்தில். ஒன்றோடொன்று சற்றே முரண்படும் அளவீடுகளை, பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி (மீச்சிறு வர்க்க முறை) ஒத்துப்போக வைக்கும் பாடம் அது. பழைய நில அளவையாளர் வேலை, விருப்பப் பாடமாக இருக்கட்டும் என்றார்கள் கணினிப் பக்கம். நான் சொலஸ்கியைத் துணைக்கு அழைத்தேன். சமச்சீர் அணிகளைப் பிரிக்க அவர்கள் தினமும் மென்பொருள் நூலகத்திலிருந்து எடுத்து ஓட்டும் அந்த முறையைத் தந்தவர் பிரெஞ்சு ராணுவத்தின் ஜியோடெசி அதிகாரி. நிலத்தை அளக்க அடுத்தடுத்துப் போடும் முக்கோணச் சங்கிலிகளைச் சரிக்கட்டத்தான் அதை உருவாக்கினார். 1918இல் போரில் இறந்தார். முறை அச்சானது 1924இல். ரோபோ தானிருக்கும் இடத்தையும் சுற்றுப்புற வரைபடத்தையும் ஒருசேரக் கணிக்கிறதே, அதன் அடியிலும் இதே சமன்பாடுகள்தாம். பாடம் கட்டாயமானது. கூடவே நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் முதல் ஆண்டுக்கு நகர்ந்தன. அவை இல்லாமல் இதை நடத்தினால் மாணவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார், அவ்வளவுதான்.

வெட்டியதில் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வடிவமைப்பு போனது, களத்திலேயே பலகை வைத்து வரைபடம் வரையும் பிளேன் டேபிள் போனது. கையால் வரைபடம் தீட்டும் பயிற்சியை இரண்டு வாரமாகச் சுருக்கினோம். அதை முழுதாக எடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. களமுகாமைத் தொட விடவில்லை. உயர வேறுபாடுகளை அளந்துகொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி லெவலிங் பாதையை மூடிப் பார்த்து, கணக்கு சேராமல் மறுபடி நடந்த மாணவருக்குத்தான் பிழை என்பது உடம்பில் ஏறும். முகாமில் எடுத்த தரவையே அடுத்தடுத்த செமஸ்டர்களில் பயன்படுத்தும்படி அமைத்தோம். சரிக்கட்டலுக்கும் அதுவே. தரவுத்தளப் பாடத்தில் இடம்சார் தரவை விரைவாகத் தேட உதவும் ஆர்-ட்ரீ குறியீடு கட்டவும், வரைபடப் பாடத்தில் டக்ளஸ்-பியூக்கர் முறையால் கோடுகளை எளிமையாக்கவும் அதுவே. எளிமையாக்கிய பிறகு ஆற்றின் இக்கரையில் இருந்த வீடு அக்கரைக்குப் போய்விட்டதா என்று அவர்களே தேட வேண்டும்.

ஒப்புதல் குழு பாடப்பொருளைப் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்றால் பணிநேரம் யார் கணக்கில் சேரும் என்பதில்தான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பாதிப் பாதியாகப் போடு என்றால் இருவருமே இழப்பார்கள், ஏனென்றால் இணைந்து நடத்தும் வகுப்புக்குத் தயாரிப்பு வேலை தனி வகுப்பைவிட அதிகம். முதல் முறை நடத்தும்போது மட்டும் இருவருக்கும் முழு நேரம், பிறகு பகிர்வு என்று எழுதிக்கொடுத்தோம். அந்த ஒரு வரி சேர்ந்த பிறகே கோப்பு நகர்ந்தது.