லூபஸில் பிரஷர் ஏறும்போது: கிளினிக் கொப்பியின் பின்பக்கம்

லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவருக்குத் தலையிடி என்றால், தோட்டத்துப் பக்கம் பழி முதலில் பனிமேல்தான். இரண்டு பனடோல், தலைக்கு ஒரு துண்டு. கிளினிக்குக்கு ஆள் கூட்டிப்போய்ப் பழகிய நாங்கள் கேட்பது வேறு: பிரஷர் பார்த்தீர்களா, சிறுநீர் நுரைக்கிறதா?

லூபஸ் சிறுநீரகத்தில் கைவைத்தால் பிரஷர் தாவி ஏறும். லூபஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசொலோன் வேறு உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் புரதம் போவதாக இருக்கலாம். கால் வீங்கினால், முன்காலை விரலால் அழுத்தும்போது குழி விழுந்து நிற்கும்.

அளப்பதில்தான் நிறையப் பிழை. லயத்திலிருந்து ஏற்றம் ஏறிவந்த மூச்சோடு அளந்தால் கணக்கு பொய். சிறுநீர் கழித்து, தேத்தண்ணி குடித்து அரை மணி போனபின், 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி ஏற்றாதீர்கள், மேற்கையை இறுக்கும், கழற்றிவிடுங்கள். கையில் சுற்றும் பட்டி சின்னதென்றால் அளவு கூட்டிக் காட்டும். காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, கொப்பியின் பின்பக்கம் தேதியோடு.

180/120 தாண்டி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று ஒன்று வந்தாலும் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் (பிரஷர் மருந்து) வைக்காதீர்கள். சடாரென இறங்கினால் மூளைக்கு இரத்தம் போதாது. ஆஸ்பத்திரியிலும் பெரும்பாலும் முதல் மணி நேரத்தில் கால்வாசிக்கு மேல் இறக்கமாட்டார்கள். "இன்னும் குறையலையே" என்று நர்ஸ் மிஸ்ஸிடம் சண்டை வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சற்றுப் பொறுத்து மறுபடி அளந்து, அன்றைக்கே காட்டுங்கள்.

சிறுநீரக பயப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தேதி தள்ளிப்போவதும் பிரஷரால்தான். பிரஷர் அடங்காமல் ஊசி குத்தினால் இரத்தம் கசியலாம்.

எனலப்ரில், லொசாட்டன் என்ற பிரஷர் மாத்திரைகள் இரண்டும் சிறுநீரில் போகும் புரதத்தையும் குறைக்கும். தொடங்கி 1–2 வாரத்தில் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டுவது), பொட்டாசியம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ஆகாது, பிள்ளை எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிரெட்னிசொலோனை நீங்களாக நிறுத்தவே கூடாது.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், ரொட்டி மாவில் போடுவதும் சேர்த்து. கருவாட்டை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. இரத்தம் எடுக்க வெறும் வயிறு என்று சொன்னால், பிரஷர் மாத்திரையையும் விடவா என்று முன்கூட்டியே கேளுங்கள். சொல்லாமல் விட்டுப்போனால், அன்று ஏறிநிற்கும் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டி எழுதிவிடுவார்கள்.